கூண்டை இறக்கியவர் லிஃப்டை ஏற்றினார்

விடியற்காலை. மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் இன்னும் இருட்டு விலகவில்லை. விளக்குக் கம்பத்தின் அடியில் டிபன் கேரியரும் தண்ணீர் பாட்டிலுமாக ஆட்கள் வந்து சேருகிறார்கள். கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகும் பெண்கள், ஆஸ்பத்திரி நர்சுகள், கட்டட எலெக்ட்ரீஷியன்கள், கழுத்தில் கம்பெனி அட்டையைத் தொங்கவிட்ட வாலிபர்கள். பெங்களூர் வண்டிக்கு இவர்கள்தான் பயணிகள். சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று வண்டி நின்று நின்று போகும்போது கூட்டம் ஏறிக்கொண்டே இருக்கும். பங்காருபேட்டை வந்துவிட்டால் உட்கார இடம் கிடையாது.

ஒரு காலத்தில் இதே நேரத்தில் இந்த ஊர் ஜனங்கள் வேறு திசையில் நடந்தார்கள். சங்கு ஊதியதும் லைன் வீடுகளிலிருந்து கிளம்பிச் சுரங்க வாயிலில் கூடுவார்கள். இரும்புக் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்குவார்கள். இன்று அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ரயிலேறிப் போய்ப் பெங்களூரின் மாடிகளில் வேலை செய்கிறார்கள்.

ஜன்னலோரத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். வயது அறுபத்தெட்டு. சட்டைப் பையில் சிறிய டார்ச் விளக்கு, மடியில் துணிப்பை. பைக்குள் ஒரு பைபிள், ஒரு பழைய நோட்டுப் புத்தகம், ஒரு ஸ்குரூடிரைவர். இந்த மூன்றையும் ஒரே பையில் வைத்திருப்பதில் அவருக்கு வித்தியாசமாக எதுவும் தோன்றவில்லை. அவருடைய கதையைக் கேட்டால் நமக்கும் தோன்றாது.

வேகமாக மாறிக்கொண்டிருக்கும் உலகத்தில் ஒரு கிறிஸ்தவன் தன் பக்தியையும் தொழிலையும் எப்படி வளர்த்துக்கொள்வது என்று சபைகளில் அடிக்கடி பேசுகிறார்கள். கூட்டங்கள் போடுகிறார்கள். அந்தக் கேள்வி புத்தகத்தில் வராமல் வீட்டு வாசலில் வந்து நின்ற ஊர் ஒன்று உண்டென்றால், அது கோலார் தங்கவயல்தான்.

தங்கம் தந்த ஊர்

தங்கவயலின் வரலாறு வாசகர்களுக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. 1880-ம் ஆண்டு ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் கம்பெனி இங்கே வேலையைக் கையில் எடுத்தது. வடஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து ஏழைக் குடும்பங்கள் சாரிசாரியாக வந்தன. வந்தவர்களில் மிகப் பலர் ஊரில் நிலமும் மதிப்பும் மறுக்கப்பட்டவர்கள். 1902-ல் காவிரியின் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுத்துச் சுரங்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்குப் பிறகு 1905-ல்தான்.

சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போயிற்று. நூற்றிருபது ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் மேலே வந்தது. அதை வெட்டியவர்கள் வெப்பத்திலும் பாறை வெடிப்பிலும் தூசியிலும் உழைத்தார்கள். லைன்களில் அம்மன் கோயில், பௌத்தர் சங்கம், கிறிஸ்தவ ஆலயம் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருந்தன. கிறிஸ்தவ சபைகள் தமிழில் ஆராதனை நடத்தின, பள்ளிக்கூடங்களும் வைத்தன. கிறிஸ்துமஸ் இரவில் தெருவெல்லாம் காகித நட்சத்திரம் தொங்கும்.

1956-ல் மைசூர் அரசாங்கம் சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962-ல் அவை மத்திய அரசிடம் போயின. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற கம்பெனி ஏற்பட்டது. தங்கம் எடுக்க ஆகும் செலவு, எடுத்த தங்கத்தின் விலையைவிட அதிகமாயிற்று. 2001 மார்ச் 1-ம் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது. அப்பா, தாத்தா, பாட்டன் என்று தலைமுறைகளாக ஒரே வாயிலில் நுழைந்து பழகிய குடும்பங்களின் முன்னால் அந்த வாயிலுக்குப் பூட்டு விழுந்தது.

மூன்று மணி

ஜன்னலோரத்துப் பெரியவருக்கு அப்போது வயது நாற்பத்து நாலு. அவர் வைண்டிங் என்ஜின் டிரைவர். ஆட்கள் ஏறும் கூண்டைப் பூமிக்குள் இறக்குவதும் ஏற்றுவதும் அவர் வேலை. கீழே இருப்பவர்கள் அவர் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். மணிச் சத்தம்தான் தெரியும். மூன்று மணி அடித்தால் கூண்டில் மனிதர் ஏறியிருக்கிறார்கள் என்று பொருள். மூன்று மணி கேட்டதும் அவருடைய கை தானாக நிதானமாகிவிடும். கல்லை ஏற்றும் வேகம் வேறு, மனிதனை ஏற்றும் வேகம் வேறு. இந்த வேலைக்குப் பரீட்சை எழுதித் தேர்ச்சிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அவர் வாங்கியிருந்தார்.

ஆனால் சுரங்கம் மூடிய மறுநாள் அந்தச் சான்றிதழ் எதற்கு உதவும்? வெளியுலகில் அப்படி ஒரு வேலை இருப்பதே யாருக்கும் தெரியாது. கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தில் கடனை அடைத்தார். மிச்சத்தைப் பாங்கில் போட்டார். பிறகு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். காலையில் சங்கு ஊதவேண்டிய நேரத்துக்கு விழிப்பு வந்துவிடும். எழுந்து செய்ய ஒன்றும் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். போனால் நாலு பேர் என்ன செய்கிறீர்கள் என்று கேட்பார்களே!

நாலாவது மாதம் சபைப் போதகர் வீட்டுக்கு வந்தார். அவர் வயதில் சிறியவர். ஜெபம் செய்துவிட்டு எழுந்துபோகவில்லை, உட்கார்ந்தார்.

"அண்ணே, எஜமான் மூணு வேலைக்காரங்களுக்குத் தாலந்து கொடுத்த கதை ஞாபகம் இருக்கா? ஒருத்தன் மட்டும் குழி தோண்டிப் புதைச்சு வச்சான்" என்றார்.

பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஐயரே, நான் ஒண்ணும் புதைக்கலை. சர்க்கார் சுரங்கத்தை மூடிட்டுது. நான் என்ன பண்ண முடியும்?"

"சுரங்கத்தைத்தான் சர்க்கார் மூடிச்சு. உங்க கையை யாரு மூடினது, அண்ணே?"

போதகர் இந்த வார்த்தையோடு விட்டிருந்தால் அது வெறும் பிரசங்கமாகப் போயிருக்கும். அவர் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். பெங்களூரில் லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒரு சிறிய கம்பெனியின் விலாசம் அதில் இருந்தது. சபையைச் சேர்ந்த ஒருவரின் மருமகன் அங்கே வேலை செய்தார். "கூண்டுக்கும் லிஃப்டுக்கும் என்ன வித்தியாசம்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். போய்ப் பார்த்துட்டு வாங்க" என்றார்.

பொய் மணி

வேலைக்கு ஐ.டி.ஐ. படிப்பு வேண்டும் என்றார்கள். பெரியவர் படித்தது எட்டாம் வகுப்பு. அப்போது ஒரு தரகர் கிடைத்தார். மூவாயிரம் ரூபாய் கொடுத்தால் முத்திரையோடு சான்றிதழ் வந்துவிடும் என்றார். வேலை தெரிந்தவன்தானே, காகிதம் மட்டும்தானே குறை என்று பெரியவர் தம் மனசுக்கே வக்கீல் வைத்து வாதாடினார். பணத்தை எடுக்கக் கிளம்பிய அன்று மனைவி கதவருகே வந்து நின்றார்.

"கீழே ஒருத்தன் பொய்யா மணி அடிச்சா கூண்டு என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா? இது மட்டும் என்னவாம்?"

பெரியவர் பணம் எடுக்கப் போகவில்லை. கம்பெனிக்குப் போய் உள்ளதைச் சொன்னார். ஐ.டி.ஐ. கிடையாது, சுரங்கச் சான்றிதழ்தான் இருக்கிறது என்றார். மெக்கானிக் வேலை கிடைக்கவில்லை. ஹெல்பர் வேலை கிடைத்தது, தினக்கூலிக்கு. மேற்பார்வை பார்த்த மெக்கானிக்குக்கு வயது இருபத்தைந்து. "அண்ணா, அந்த கிரீஸ் டப்பாவை எடுங்க" என்பான் அந்தப் பையன். இவர் அவனை "சார்" என்று கூப்பிடவேண்டும். முதல் வாரம் அந்தச் சொல் வாயில் வரவே இல்லை. நூற்றுக்கணக்கான உயிர்களைத் தினமும் ஏற்றி இறக்கியவர், மகன் வயதுப் பையனுக்குத் துணி அலசி எண்ணெய் துடைத்தார்.

தொழில் வளர்ச்சி என்று நாம் பேசுகிறோமே, அதன் முதல் படி பெரும்பாலும் கீழே இறங்குகிற படியாக இருக்கிறது. தாழ்மையைப் பற்றி இருபது வருஷம் கேட்ட பிரசங்கங்களுக்கு அந்த மாதங்களில்தான் பொருள் விளங்கியது என்று பெரியவர் சொல்வதுண்டு.

ஒரு நாள் சிவாஜிநகர்ப் பக்கம் ஒரு பழைய கட்டடத்தில் மாதாந்தரப் பரிசோதனை. பையன் எல்லாம் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போடப்போனான். பெரியவர் லிஃப்டை மெதுவாக ஓட்டச் சொல்லி, கம்பிக் கயிற்றின்மேல் பஞ்சுக் கழிவை லேசாகப் பிடித்துக்கொண்டு நின்றார். அறுந்த கம்பி முனை இருந்தால் பஞ்சு அதில் சிக்கும். ஓரிடத்தில் சிக்கியது. இன்னும் பல இடங்களில் சிக்கியது.

"சார், இந்த ரோப் ஆகாது. மாத்தணும்."

கயிற்றை மாற்றினார்கள். மறுநாள் டீக்கடையில் பையன், "அண்ணா, ரோப் பார்க்கிறது எப்படின்னு எனக்குச் சொல்லிக்கொடுங்க" என்றான். "நீங்க எனக்கு சர்க்யூட் சொல்லிக்கொடுங்க, சார்" என்றார் இவர். அன்றிலிருந்து சார் என்ற சொல் அவர் வாயில் தடங்கவில்லை.

கயிறு, பிரேக், எதிர் எடை, வேகம் மீறினால் பிடித்துக்கொள்ளும் அமைப்பு எல்லாம் கூண்டுக்கும் உண்டு, லிஃப்டுக்கும் உண்டு. பேர்தான் வேறு. பழைய தொழிலில் கற்றது வீண்போகவில்லை. அதே சமயம் அது மட்டும் போதவும் இல்லை. சில வருஷங்களில் ரிலே வைத்த பழைய பேனல்கள் போய் எலெக்ட்ரானிக் கார்டுகள் வந்தன. கோளாறு என்ன என்பதை லிஃப்டே இங்கிலீஷ் எழுத்திலும் எண்ணிலும் காட்ட ஆரம்பித்தது. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவுக்கு அந்த எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்தாள். அவர் பையில் இருக்கும் நோட்டுப் புத்தகம் அப்போது எழுதியது. ஒவ்வொரு கோளாறு எண்ணுக்கும் எதிரே தமிழில் விளக்கம். ஆறு வருஷத்தில் அவரே மெக்கானிக் ஆனார். ஓய்வுபெற்ற பிறகும் வாரத்தில் இரண்டு நாள் புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கக் கம்பெனி கூப்பிடுகிறது.

எல்லோருக்கும் இப்படி அமையவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பெரியவரின் அடுத்த வீட்டுக்காரர் பாறை துளைத்தவர். கல்தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் நோய் கண்டவர். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். அவரைப் பார்த்துக் "கற்றுக்கொள், வளர்ந்துகொள்" என்று சொல்வது கொடுமை. சுரங்கம் மறுபடி திறக்கும் என்று காத்திருந்தார். 2013-ல் உச்ச நீதிமன்றம் உலகளாவிய டெண்டருக்கு வழிவிட்டபோது தெருவில் இனிப்பு கொடுத்தார். பூமிக்குள் போகும் கூண்டு அதன் பிறகும் ஓடவில்லை. அவர் சாகும்வரை மருந்துச் செலவில் ஒரு பங்கைப் பெரியவர் கொடுத்துவந்தார். ஒருவர் வளர்ந்தால் அதன் பலன் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு பதில்.

டிக்கெட் தந்த குமாஸ்தா

வேலை போவதும் புது வேலை கற்பதும் கிறிஸ்தவ வரலாற்றில் புதிதல்ல. அப்போஸ்தலர் பவுல் கூடாரம் செய்யும் தொழிலாளி என்பது எல்லோருக்கும் தெரியும். கொரிந்து பட்டணத்தில் அவருக்கு இடம் கொடுத்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ரோமாபுரியிலிருந்து யூதர்கள் வெளியேற வேண்டும் என்று கிலவுதியு ராயன் உத்தரவு போட்டதால் ஊரைவிட்டு வந்தவர்கள் அவர்கள். சர்க்கார் உத்தரவு அவர்களிடமிருந்து வீட்டைப் பறித்தது. கைத்தொழிலைப் பறிக்க முடியவில்லை. அந்தத் தொழிற்கூடத்திலேயே பவுலும் உட்கார்ந்து உழைத்தார். ஊழியமும் அங்கிருந்தே நடந்தது.

இங்கிலாந்தில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த வில்லியம் கேரி 1793-ல் வங்காளத்துக்கு வந்தார். வயிற்றுப் பிழைப்புக்கு அவுரித் தொழிற்சாலையில் மேலாளராக இருந்தார். தாமே முயன்று கற்ற மொழிகளின் பலத்தில் 1801-ல் கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியில் வங்காளி மொழி ஆசிரியர் ஆனார். 1812-ல் செராம்பூர் அச்சகம் தீப்பற்றிப் பல வருஷ உழைப்பின் கையெழுத்துப் பிரதிகள் சாம்பலாயின. உருகிக் கிடந்த ஈயத்தை எடுத்து மறுபடி எழுத்து வார்த்தார்கள். 1818-ல் அங்கே கல்லூரியும் வந்துவிட்டது.

ரயில் பயணிகளுக்கு இன்னொரு பெயரும் தெரிந்திருக்க வேண்டும். கனத்த அட்டையில் அச்சிட்ட பழைய ரயில் டிக்கெட் நினைவிருக்கும். கவுண்டரில் இயந்திரத்தில் நுழைத்து, 'டக்' என்று தேதி குத்திக் கொடுப்பார்கள். அந்த முறையைக் கண்டுபிடித்தவர் தாமஸ் எட்மண்ட்சன் என்ற ஆங்கிலேயர். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். மேஜை, பீரோ செய்யும் தச்சு வேலை பயின்றவர். வியாபாரம் நொடித்துத் திவாலாகி, 1836-ல் ஒரு சின்ன ரயில் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஒவ்வொரு பயணிக்கும் கையால் சீட்டு எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. வேலையும் தாமதம், கணக்கிலும் குழப்பம். வரிசை எண் போட்ட அட்டைகளை முன்கூட்டியே அச்சிட்டு வைத்தால் என்ன என்று யோசித்தார். தச்சுக் கை சும்மா இருக்குமா? அதற்கு வேண்டிய கருவிகளையும் உருவாக்கினார். வரிசை எண் வந்ததும் விற்ற சீட்டுக்கும் பெட்டியில் இருக்கும் காசுக்கும் கணக்கு ஒத்துப்போக வேண்டியதாயிற்று. நேர்மைக்கு ஒரு இயந்திரமே கிடைத்தது மாதிரி! அந்த அட்டை உலகம் முழுவதும் பரவியது.

அந்த அட்டைக்கும் காலம் முடிந்தது. 1980-களின் மத்தியில் டெல்லியில் ரிசர்வேஷன் வேலை கம்ப்யூட்டருக்கு மாறியது. பிறகு சாதாரண டிக்கெட்டும் மாறிற்று. இப்போது டிக்கெட் கைபேசியிலேயே வருகிறது. தேதி குத்தும் இயந்திரத்தோடு வாழ்நாளைக் கழித்த குமாஸ்தாக்கள் கீபோர்டில் ஒற்றை விரலால் எழுத்துத் தேடிப் பழகினார்கள். பழகியவர்கள் பிழைத்தார்கள்.

சலுகை இல்லாத இடம்

கிறிஸ்தவத் தமிழர் பலருக்கு இந்த விஷயத்தில் மற்றவர்களைவிட ஒரு நெருக்கடி அதிகம். தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்தவர் கிறிஸ்தவரானால், 1950-ம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி அவருக்குத் தாழ்த்தப்பட்டோருக்கான இட ஒதுக்கீடு கிடையாது. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் அந்த ஆணை திருத்தப்பட்டது. கிறிஸ்தவருக்குத் திருத்தப்படவில்லை. மதம் மாறியதால் தெருவும் மாறவில்லை, ஏழ்மையும் மாறவில்லை. சலுகை மட்டும் மாறிவிட்டது. இதை எதிர்த்து வழக்கும் போராட்டமும் நடக்கின்றன. அவை நடக்கட்டும். தீர்ப்பு வரும்வரை பிள்ளைகளின் வயது நிற்காது. அவர்கள் கையில் ஒரு தொழில், தலையில் ஒரு படிப்பு இருந்தாக வேண்டும்.

ஆனால் சில வீடுகளில் இன்னும் ஒரு எண்ணம் இருக்கிறது. மேற்கொண்டு படிப்பதும் பதவி உயர்வுக்கு முயல்வதும் உலக ஆசை, விசுவாசிக்கு அது தகாது என்று நினைக்கிறார்கள். வேறு சில வீடுகளில் இதற்கு நேர் எதிர். சம்பளம் ஏறினால் அதுவே ஆசீர்வாதம், எந்த வழியில் ஏறினால் என்ன என்கிறார்கள். இரண்டுமே பிசகு. முதலாவது, கொடுத்த தாலந்தைப் புதைக்கிறது. இரண்டாவது, தாலந்தைக் கொடுத்தவரை மறக்கிறது.

பெரியவரின் மகளுக்கு இப்போது முப்பத்தைந்து வயது. வைட்ஃபீல்டு பக்கம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறாள். மற்றவர்கள் எழுதிய புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. மூன்று வருஷத்துக்கு முன் அவளுக்குப் பதவி உயர்வு வந்தது. மாதத்தில் இரண்டு ஞாயிறு வேலைக்கு வர வேண்டும் என்பது நிபந்தனை. வீட்டில் பெரிய விவாதம். அம்மாவுக்கு இஷ்டமில்லை. அப்பா சொன்னார்: "சுரங்கத்துல ஞாயித்துக்கிழமையும் பம்பு ஓடணும்மா. ஓடாட்டி தண்ணி நிரம்பிடும். நான் அந்த ஷிப்டும் பார்த்திருக்கேன். கோயிலை விட்டுடாதே; நேரத்தை மாத்திக்கோ."

சபையில் பேசினார்கள். ஷிப்டு வேலைக்காரர்களுக்காகச் சனிக்கிழமை மாலையில் ஒரு ஆராதனை ஆரம்பித்தார்கள். முதல் வாரம் எட்டுப் பேர். நர்சுகள், செக்யூரிட்டி வேலை செய்பவர், ஆட்டோ ஓட்டுபவர் என்று இப்போது பெஞ்சுகள் நிறைகின்றன.

அதைவிடக் கடினமான சோதனை பிறகு வந்தது. ஒரு வேலையைக் கெடுவுக்குள் முடித்ததாகக் காட்ட வேண்டும். மேலதிகாரி, சில பரிசோதனைகளைச் செய்யாமலே 'சரி' என்று குறித்துவிடச் சொன்னார். எல்லோரும் செய்வதுதான் என்றார். அவள் மறுத்துவிட்டாள். வேலை இரண்டு நாள் தாமதமாயிற்று. அந்த வருஷம் அவளுக்கு வரவேண்டிய சம்பள உயர்வு குறைந்தது. வீட்டுக் கடன் தவணை கட்டச் சிரமப்பட்டாள். நேர்மையாக இருந்ததற்கு மறுமாதமே பரிசு வந்தது என்று எழுத ஆசைதான்; அப்படி ஒன்றும் வரவில்லை. அவள் இன்னும் அதே நாற்காலியில் இருக்கிறாள். புதிதாகச் சேரும் பிள்ளைகள் சந்தேகம் கேட்க அவளிடம்தான் வருகிறார்கள்.

"உன் அம்மா அன்னிக்கு என்னைக் கதவுகிட்ட நிறுத்தினா. உன்னை யாரும்மா நிறுத்தினது?" என்று அப்பா கேட்டார்.

"அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லித்தானே நைனா என்னை வளர்த்தீங்க?" என்றாள் மகள்.

கூடம் ஆறு நாள் சும்மா கிடக்கிறது

தனி மனிதர் முயன்றால் மட்டும் போதுமா? போதகர் கொடுத்த அந்தத் துண்டுச் சீட்டு இல்லாவிட்டால் பெரியவர் இன்னும் திண்ணையில்தான் இருந்திருப்பார். சபைகள் இதை யோசிக்க வேண்டும். ஆலயத்தை ஒட்டிய கூடம் வாரத்தில் ஆறு நாள் பூட்டிக் கிடக்கிறது. மின்விசிறியும் பெஞ்சும் இருக்கின்றன. ஓய்வுபெற்ற ஆசிரியர், வங்கி ஊழியர், மெக்கானிக், நர்ஸ் எல்லோரும் சபையிலேயே இருக்கிறார்கள். மாலையில் இரண்டு மணி நேரம் விளக்கைப் போட்டால் அதுவே ஒரு பள்ளிக்கூடம். கன்னடம் எழுதப் படிக்கத் தெரியாமல் விண்ணப்பத்தோடு திண்டாடும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் கன்னடம், ஒரு நாள் இங்கிலீஷ், ஒரு நாள் கம்ப்யூட்டர். கிறிஸ்தவப் பிள்ளைகள் மட்டும் என்று வாசலில் எழுதி வைக்கவும் வேண்டாம். லைன் வீடுகளில் அப்படிப் பிரிந்து யாரும் வாழவில்லை.

முன்மாதிரி வெகு தூரத்தில் இல்லை. தங்கவயலிலிருந்து மலை இறங்கினால் வேலூர். ஐடா ஸ்கடர் அங்கே 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கினார். பிறகு விதிகள் மாறின. டிப்ளமா படிப்பு இனிச் செல்லாது, பல்கலைக்கழகப் பட்டப் படிப்பாக உயர்த்த வேண்டும் என்றாகிவிட்டது. அப்போது அம்மையாருக்கு எழுபதை ஒட்டிய வயது. விதி மாறிவிட்டதே என்று பள்ளியை மூடவில்லை. பணம் திரட்ட அமெரிக்காவில் ஊர் ஊராக அலைந்தார். 1942-ல் அது பட்டக் கல்லூரியாக உயர்ந்தது. ஒரு நிறுவனமே எழுபது வயதில் ஒருவரை நம்பிப் புதிதாகக் கற்றுக்கொண்டது என்றால், நாற்பத்தைந்து வயதில் "இனிமேல் நமக்கு எதற்கு?" என்று கேட்பதில் நியாயமில்லை.

தனிப்பட்டவர்களும் செய்யக்கூடியது இருக்கிறது. அது பெரிய காரியமும் அல்ல. நாளுக்கு அரைமணி நேரம் தொழில் சம்பந்தமாக ஏதாவது படிப்பது. தெரியாததைச் சின்னவனிடம் கேட்க வெட்கப்படாதிருப்பது. தெரிந்ததை ஒளிக்காமல் சொல்லிக்கொடுப்பது. வருஷத்துக்கு ஒரு புதுக் கைவேலையாவது பழகுவது. கையெழுத்துப் போடுமுன் அது உண்மைதானா என்று ஒருமுறை நின்று பார்ப்பது. கடைசியில் சொன்னதை எந்தப் புது இயந்திரமும் நமக்காகச் செய்யாது.

வண்டி கன்டோன்மென்ட் வந்து நிற்கிறது. பெரியவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்குகிறார். இன்று ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் புதுப் பையன்களுக்குப் பாடம். அவர்கள் கைபேசியில் கோளாறு எண்ணைத் தட்டினால் விளக்கம் வந்துவிடுகிறது. அவருடைய நோட்டுப் புத்தகம் அவர்களுக்கு வேண்டியதில்லை. அதையும் அவர் கற்றுக்கொண்டு வருகிறார். ஆனால் பஞ்சுக் கழிவைக் கயிற்றின்மேல் எப்படிப் பிடிப்பது என்று அவர்தான் காட்ட வேண்டும்.

சோதனை முடிந்து லிஃப்டைக் குடியிருப்போரிடம் ஒப்படைக்குமுன் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். கதவு மூடியதும் விரலால் இரும்புச் சட்டத்தில் மூன்று முறை தட்டுவார். பையன்கள் சிரிப்பார்கள். "ஏன் தாத்தா தட்டறீங்க?" என்று கேட்பார்கள்.

"மூணு தட்டுன்னா உள்ளே மனுஷன் இருக்கான்னு அர்த்தம், கண்ணு. மெதுவா ஏத்தணும்" என்பார்.